விட்டுப்போன பதினேழாம் தேதி

எல்லாம் என்னால் வந்தது என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்வாள். நான் பாட்டுக்கு அந்தக் கேலண்டரைச் சுவரில் மாட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே.

வருஷக் கடைசி. தெருவில் முக்கால்வாசிக் கடை மூடிக் கிடந்தது. பள்ளிக்கூடம் லீவு, ஆபீஸ் லீவு, எதிரே இருக்கும் பேங்குக்குக்கூடப் பூட்டு. ஸ்டவ் ரிப்பேர் கடைக்காரன் எனக்கு மட்டும் லீவு கிடையாது. வருஷம் முழுக்க ஒரே பர்னரில் ஒப்பேற்றுகிறவர்கள், வீட்டில் பத்துப் பேர் வந்து இறங்கின பிறகுதான் இன்னொன்று எரியவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். "இப்பவே வேணும்" என்பார்கள். இருபது வருஷமாக இதே கூத்து.

அன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. பெய்யட்டுமா வேண்டாமா என்று மழை காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது. மாடியிலிருந்து பைண்டரக்கா இறங்கி வந்து ஒரு கேலண்டரை என் மேசையில் வைத்தாள்.

"ஏம்ப்பா ஸ்டவ்வு, இந்தா. ஆயிரத்துக்கு மேல கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஒண்ணு நீ வெச்சுக்கோ."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"மெஷின் தூக்கினியே, அதுக்கு."

அவள் தையல் மெஷினை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தது அக்டோபரில். அன்றைக்குச் சாயங்காலமே எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சாப்பாடு கொடுத்தனுப்பிவிட்டாள். ஆனாலும் அது அவளுக்குப் போதவில்லை. அவள் அப்படித்தான். நாம் ஒரு கிண்ணம் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் கிண்ணம் ததும்பத் திரும்பி வரும். யாருக்கும் ஒரு சொட்டு பாக்கி வைக்கக் கூடாது. ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் என்று என் வீட்டுக்காரி ரெண்டு நாள் கஞ்சி கொண்டுபோனாள். காய்ச்சல் விட்ட மறுநாள் எங்கள் வீட்டுப் போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கேட்காமல் எடுத்துப்போய்த் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். "இந்தப் பொம்பளைக்கு உபகாரம் பண்ணவே பயமா இருக்கு" என்றாள் என் வீட்டுக்காரி.

பதினெட்டு வருஷம் ஒரு பெரிய அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவள். போன வருஷம் அங்கிருந்து விலகி, வீட்டு முன்னறையில் சொந்தமாகத் தொழில் போட்டாள். பில் புத்தகம், நோட்டு என்று சில்லறை வேலை வந்துகொண்டிருந்தது. நாலு கிளை வைத்திருக்கும் ஒரு மருந்துக்கடை, வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஆயிரம் தினசரிக் கேலண்டர் கேட்டது. தாளை அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். சேர்த்து, தைத்து, அட்டையில் ஏற்றிக் கொடுக்க வேண்டியது இவள். அவள் பேரில் வந்த முதல் பெரிய ஆர்டர் அது. முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். இது நன்றாகப் போனால் அடுத்தடுத்து வரும். கெட்டுப்போனால் பழைய முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

அவளுக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் அவள் தம்பி. அதே அச்சகத்தில் கம்பித் தையல் மெஷினில் உட்காருகிறவன். அக்கா கூப்பிட்டபோது கூட வரவில்லை. வராததோடு விட்டானா? நாலு பேர் முன்னால், "ஆறு மாசத்துல திரும்பி வந்து நிப்பா, பாருங்க" என்று சொல்லித் தொலைத்தான். சொல் அன்றைக்கே இவள் காதுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

சரி, கேலண்டருக்கு வருகிறேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். ஜூன் பதினேழு எங்கள் கல்யாண நாள். வேலை நாளாக வந்தால் கடையைச் சாக்குச் சொல்லித் தப்பிக்கலாமே என்று தாளைத் தள்ளிக்கொண்டே போனேன். பதினைந்து, பதினாறு, பதினெட்டு. ரெண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எச்சில் தொட்டுப் பிரித்தேன். ஊதினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதினேழு இல்லை.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் என் கையில் இருக்கும் ஒன்றில் மட்டும் விட்டுப்போயிருக்கலாம் இல்லையா? அந்த நம்பிக்கையில் மாடி ஏறினேன்.

முன்னறையில் பழுப்புத் தாள் சுற்றின கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. இருபது இருபதாக ஐம்பது கட்டு. அக்காவும், லீவுக்கு வந்திருந்த அவள் மகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரெண்டு மாசத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, இதுல ஜூன் பதினேழக் காணோம்."

"உன் கண்ணக் கழுவிட்டு வா."

"நீயே பாரேன்."

பார்த்தாள். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டைப் பிரித்தாள். அதிலும் இல்லை. இன்னொன்று. இன்னொன்று. ஏழாவது கட்டைப் பிரிக்கும்போது அவள் மகள், "போதும்மா" என்றாள்.

அக்கா எழுந்து ஜன்னலிடம் போனாள். ஜன்னல் மேடையில் மழைக்கு மூடின பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று கிடந்தது. அதைத் தூக்கினாள். அடியில் அரைச் சாண் உயரத்துக்கு ஒரு தாள் அடுக்கு, நனையாமல், மூலை மடங்காமல். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் பதினேழு.

எப்படி நடந்தது என்று சொன்னால்தான் புரியும். இந்தத் தொழிலில் தாளை எண்ண மாட்டார்கள். மேசையைச் சுற்றி ஒரு மாதத்தின் முப்பது அடுக்கையும் வரிசையாக வைத்துவிட்டு, சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தாள் எடுப்பார்கள். ஒரு சுற்று நடந்து முடித்தால் ஒரு மாதம். அவர்கள் எண்ணுவது சுற்றைத்தான். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. காலும் கையும் பார்த்துக்கொள்ளும். ஜூன் மாதம் மேசையில் இருந்த அன்றைக்குத்தான் தையல் மெஷின் வந்து இறங்கியது. அதை வைக்க இடம் வேண்டும் என்று அக்காவே மேசை மூலையிலிருந்து ஓர் அடுக்கைத் தூக்கி ஜன்னலில் வைத்திருக்கிறாள். மெஷின் வந்த சந்தோஷத்தில் திரும்ப எடுத்து வைக்கவில்லை. ஆயிரம் சுற்றுக்கு மேல் அந்தக் காலி இடத்தைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறாள்.

"நான்தான்" என்றாள் அக்கா. "வேற யாரும் இல்ல. இந்தக் கைதான்."

மகள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, ஒரு நாள்தானே. யாரு பாக்கப்போறா? ஜூன் வர்றப்ப பாத்துக்கலாம்."

"மருந்துக்கடைக் கேலண்டர்டி. இத வாங்கிட்டுப் போறவங்க யாரு? மாத்திரை சாப்பிடுறவங்க. எத்தன நாள் சாப்பிட்டோம், எப்ப டாக்டரப் பாக்கணும்னு தாளக் கிழிச்சுக் கிழிச்சு எண்ணுறவங்க. அவங்களுக்கு ஒரு நாளக் குறைச்சுக் குடுக்கச் சொல்றியா?"

"அப்ப அந்த எடத்துல பசை தடவி ஒட்டிடலாம்" என்றேன் நான்.

அக்கா ஒரு தாளை எடுத்து மேல் விளிம்பில் மயிரிழைக்குப் பசை தடவி, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் செருகி, விசிறிக் காயவைத்தாள். அரை மணி கழித்துக் கிழித்தாள். பதினேழோடு பதினெட்டும் சேர்ந்து வந்தது. அந்த ரெண்டு தாளையும் என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"பிரிச்சுத்தான் ஆகணும். ஆயிரத்தையும்."

பிரிப்பது என்றால் சாமானியம் இல்லை. தலையில் மடித்திருக்கும் தகரப் பட்டியை நெம்ப வேண்டும். ரெண்டு கம்பியை இடுக்கியால் உருவ வேண்டும். தாளைச் செருகித் தட்டிச் சீராக்கி, மறுபடி தைத்து, பட்டியை அமுக்க வேண்டும். அதிலும் தையல் பழைய ஓட்டையிலேயே விழ வேண்டும். ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் தலைப்பக்கம் சல்லடையாகி, ஒரு தாளைக் கிழிக்கப்போனால் பத்துத் தாள் கையோடு வரும். அக்கா சேர்ப்பதிலும் வெட்டுவதிலும் கைதேர்ந்தவள். ஆனால் மெஷினுக்கு அவள் புதுசு. சாயங்காலம் வரை இருபது பிரித்துத் தைத்தோம். ஆறு வீணாய்ப்போனது. மிச்சமாக அவள் போட்டு வைத்திருந்ததே முப்பதுதான்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெஷின் ஓடக் கூடாது என்பது வீட்டுச் சொந்தக்காரர் போட்ட நிபந்தனை. ஏழே கால் இருக்கும். அக்கா இருபத்தோராவதை எடுத்தாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இத ஒழுங்காத் தைக்கிற ஆளு ஒரே ஆளுதான் இருக்கான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அவன் பேரப் பேசாத."

"நான் எங்க பேரப் பேசினேன்?"

"அவன் வந்து நின்னு பாக்கணும், அதானே? சொன்னது பலிச்சுதுன்னு சிரிக்கணும். அதுக்கு நான் இந்த ஆயிரத்தையும் அடுப்புல போட்டுடுவேன்."

"போடு. அடுப்பு ரிப்பேரானா நானே பாத்துத் தர்றேன்."

மகள் சிரித்துவிட்டாள். அக்கா முறைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் நான் விடவில்லை.

"இங்க பாருக்கா. எல்லாருக்கும் நீ செய்யலாம். உனக்கு யாரும் செய்யக் கூடாது. இது என்ன நியாயம்? வாயத் தொறந்து 'வாடா'ன்னா முத்தா உதிர்ந்துடும்? நாங்கல்லாம் வெக்கமில்லாம உங்கிட்ட வந்து நிக்கிறோம்ல?"

அக்கா மெஷினில் சிக்கின கம்பியை எடுத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எண் அவளுக்கு மனப்பாடம். ஒரு வருஷத்தில் மறந்திருக்கவில்லை. மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஜூன் பதினேழ விட்டுட்டேன்டா" என்றாள் அக்கா. "ஆயிரத்துலயும் இல்ல. பிரிச்சுத் தைக்கணும். எனக்குப் பழைய ஓட்டை பிடிபட மாட்டேங்குது. நீ வரணும்."

போனை வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"மெஷின்ல என்ன நம்பர் கம்பி போட்டிருக்க?" என்று கேட்டான் தம்பி.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் வந்துவிட்டான். தனியாக வரவில்லை. பின்னால் அவன் பெண்டாட்டி, கையில் பெட்டி, தோளில் பை, ஊருக்குக் கிளம்பின கோலத்தோடு. அவளுடைய அம்மா வீட்டுக்கு லீவுக்குப் போக ஒன்பது மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்களாம். அவளுக்குப் பின்னால் அச்சகத்தில் தாள் மடிக்கிற ரெண்டு பெண்கள். அக்காவோடு பதினைந்து வருஷம் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். ரெண்டு பேருக்கும் லீவு. ஒருத்தி தலையில் எண்ணெய்கூடக் காயவில்லை.

"என்னடி இது, படை திரட்டிட்டு வந்துட்டீங்க?" என்றாள் அக்கா.

"போடி. ஒரு வருஷமா ஒரு வார்த்த கூப்பிட்டியா? இவன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கு" என்று ஒருத்தி செருப்பை உதறினாள். "எங்க அந்தப் பதினேழு?"

தம்பி யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜன்னல் மேடையையும் மேசை மூலையையும் மாறி மாறிப் பார்த்தான். உதட்டோரம் என்னவோ துடித்தது. அக்காவுக்கு அது போதாதா?

"சொல்லு. சொல்லிக்காட்டத்தானே வந்த? எல்லாரும் இருக்காங்க, நல்லாச் சொல்லு."

"நான் சொல்லிக்காட்ட வரல. சொன்னத முழுங்க வந்தேன்" என்றான் அவன். "ஸ்டூலத் தள்ளு. வெளிச்சம் மறைக்குது."

மெஷினில் உட்கார்ந்தான். கம்பியை மாற்றினான், எதையோ முடுக்கினான், எதையோ தளர்த்தினான். அக்கா கொடுத்த முதல் பிரதியைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்த்தான். வைத்தான். மிதித்தான். ஒரே சத்தம். அக்கா அதை வாங்கி மேலும் கீழும் திருப்பினாள். பழைய ஓட்டையில் கம்பி தைத்த மாதிரியே தெரியவில்லை. முதல் தையலே அதுதான் என்று சத்தியம் செய்யலாம்.

"ம்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அறையில் வேலைதான் பேசியது.

என் தொழில் எனக்கும் கைகொடுத்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் தகரம் சுளுக்கிக்கொண்டது. கீழே ஓடிப்போய்ப் பழைய கரண்டிக் காம்பு ஒன்றைத் தட்டையாகத் தேய்த்து, நுனியைக் கொஞ்சம் வளைத்துக் கொண்டுவந்தேன். உள்ளே விட்டு ஓர் இழுப்பு; பட்டி வாழைத்தோல் மாதிரி திறந்தது. நான் திறப்பேன். மகள் கம்பி உருவுவாள். மடிக்கிற பெண்கள் ஜூன் பதினாறைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுவிடுவார்கள். ஒருத்தி பிரிக்க, ஒருத்தி செருகுவாள். அக்கா தட்டிச் சீராக்குவாள். தம்பி தைப்பான். அவன் பெண்டாட்டி பட்டியை அமுக்கி, பழையபடி இருபது இருபதாகக் கட்டுவாள்.

என் வீட்டுக்காரி பெரிய கெட்டில் நிறைய டீ கொண்டுவந்தாள். விஷயம் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இருபது வருஷத்துல இந்த மனுஷன் ஜூன் பதினேழத் தானாத் தேடினது இதான் முதல் தடவ. அன்னிக்குப் பாத்து அந்தத் தேதியே ஓடிப்போயிருக்கு பாருங்க!"

சிரிப்பில் தம்பி ஒரு தையலை நிறுத்த வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் அக்கா ஆரம்பித்தாள். "நீ டீ குடுத்துட்டுப் போம்மா, உன் வேலை கெடும்." தம்பி பெண்டாட்டியிடம், "உனக்குப் பஸ்ஸு போயிடும், நீயாவது போ." மடிக்கிற பெண்களிடம், "நீங்க ஒரு நூறு முடிச்சுட்டுக் கிளம்புங்கடி. லீவு நாள்." அரை மணிக்கு ஒரு தரம் இதே பாட்டு. ஒவ்வொரு தரமும் முகத்தில் ஒரு தவிப்பு. இத்தனை பேருக்கு எப்போது, எதைத் திருப்பிச் செய்வது என்று மனதுக்குள் ஓடுகிறது; எனக்குத் தெரியாதா?

கடைசியில் தம்பி பெண்டாட்டிதான் கேட்டாள். சாது, அதிர்ந்து பேசாதவள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? எனக்குக் குழந்த கலைஞ்சப்ப பதினோரு நாள் எங்க வீட்டுல வந்து இருந்தீங்க. நான் ஒரு தடவையாவது 'போங்க, உங்க வேலை கெடும்'னு சொன்னேனா?"

அக்கா தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"சொன்னா நீங்க போயிருப்பீங்களா? அப்ப எங்கள ஏன் வெரட்டுறீங்க? பஸ்ஸு நாளைக்கும் ஓடும். எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அக்கா யாரையும் போகச் சொல்லவில்லை.

மத்தியானம் அவள் வீட்டுக்காரர் வந்தார். லாரி டிரைவர். பதினோரு நாள் சுற்றிவிட்டு, லீவுக்குத் தூங்கலாம் என்று கண் சிவக்க வந்த மனிதர். உள்ளே கால் வைக்க இடம் இல்லாமல் வாசலிலேயே நின்றார். மச்சானைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். மகள் விஷயத்தைச் சொல்லி இடுக்கியை நீட்டினாள்.

"வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுப்பாங்க. இங்க இடுக்கி குடுக்குறாங்க" என்றார். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி, மகள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி உருவ ஆரம்பித்துவிட்டார். ரெண்டாவதிலேயே கட்டை விரலில் குத்திக்கொண்டு, சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். பதினெட்டுச் சக்கர வண்டியை மலையில் ஏற்றி இறக்குகிற கைக்கு அந்தக் கம்பி அடங்கவே இல்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு முழுக்க ரொட்டியும் அவித்த முட்டையும்தான் சாப்பாடு. முறை வைத்துச் சாப்பிட்டோம், மெஷின் நிற்கக் கூடாது என்பதற்காக. தம்பிக்கு மட்டும் கை ஓய்வே இல்லை. அக்கா ஒரு முட்டையை உரித்து, உப்புத் தொட்டு, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அவனும் தையலிலிருந்து கண் எடுக்காமல் வாயைத் திறந்தான். நான் தகரப் பட்டியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் தாள் பொதபொதவென்று உப்பி, தட்டினால் சீராகவில்லை. என் கடையிலிருந்து ரெண்டு ஸ்டவ்வைக் கொண்டுவந்து அறையின் ரெண்டு மூலையில் பற்றவைத்தேன். வாடிக்கையாளர் ஸ்டவ்தான், பர்னர் சோதனை பண்ணின மாதிரி ஆயிற்று. எட்டு மணிக்கு மெஷின் நின்றபோது அறுநூற்றுச் சொச்சம் முடிந்திருந்தது. யாரும் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. தம்பி குடும்பம் அங்கேயே படுத்தது. மடிக்கிற பெண்கள் காலையில் ஆறரைக்கே வந்து கதவைத் தட்டினார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி பதினொன்றே முக்காலுக்குக் கடைசிப் பிரதி தம்பி கையிலிருந்து வந்தது. அக்கா அதைத் திறந்து ஜூன் பதினேழைத் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டில் வைத்தாள். ஆயிரம். ஒன்றுகூடக் குறையவில்லை. நான் என் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். லாரிக்காரர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார், கையில் இடுக்கியோடு.

பன்னிரண்டுக்கு மருந்துக்கடை மேனேஜர் வண்டியோடு வந்தார். கறாரான மனிதர், ஆனால் மரியாதை தெரிந்தவர். ஏழெட்டுப் பிரதியை உருவி எடுத்து, தையலைப் பார்த்தார், பட்டியை அழுத்தினார், அங்கங்கே தாளைக் கிழித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்மா. போன வருஷம் பெரிய எடத்துல குடுத்தோம். இவ்வளவு சுத்தமா வரல. வீட்டு முன்னறையில வெச்சுக்கிட்டு, ஒரே பொம்பளையா, தனியாச் செஞ்சு முடிச்சிட்டீங்களே!"

எங்கள் எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு. வேலை முடிந்தது. கையெழுத்துப் போட்டு, வண்டியில் ஏற்றினால் சரி. அக்கா தலையை ஆட்டினாலே போதும்.

"தனியாச் செய்யலைங்க" என்றாள் அக்கா.

மகள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஜூன் பதினேழாம் தேதித் தாள வைக்க மறந்துட்டேன். ஆயிரத்துலயும். தப்பு என்னோடது. முந்தாநேத்துத்தான் தெரிஞ்சுது. அத்தனையும் பிரிச்சு, தாளச் செருகி, மறுபடி தைச்சிருக்கு. பழைய ஓட்டையிலயே தைச்சிருக்கு, அதான் உங்களுக்குத் தெரியல. தைச்சது இவன், என் தம்பி. இந்த மாதிரிக் கை இந்த ஊருல இன்னொண்ணு கிடையாது. இவ தம்பி பொண்டாட்டி, அம்மா வீட்டுக்குப் போறத விட்டுட்டு உக்காந்தா. இவங்க ரெண்டு பேரும் என்கூட வேலை பாத்தவங்க. இவரு கீழ ஸ்டவ்வுக் கடை, அது அவரு வீட்டம்மா. தூங்குறாரே, எங்க வீட்டுக்காரரு. லீவு நாளும் அதுவுமா வந்தாங்க. இவங்க இல்லன்னா இன்னிக்கு உங்களுக்குப் பிரிச்சுப் போட்ட தாளுதான் இருந்திருக்கும்."

மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. ஒரு கேலண்டரை எடுத்து ஜூனைத் திறந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று விரல் வைத்துப் பார்த்தார். தையலை மறுபடி பார்த்தார். இன்னும் ரெண்டு கட்டைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"சரக்கு சரியா இருக்கு, எடுத்துக்கறேன்" என்றார். "ஆனா அடுத்த வருஷத்து ஆர்டரப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நடந்தத முதலாளிகிட்டச் சொல்லணும். அவரு என்ன நினைப்பாரோ."

"சொல்லுங்க. சொல்லணும்தான்" என்றாள் அக்கா.

கையெழுத்து ஆயிற்று. நானும் தம்பியும் கட்டுகளை இறக்கி வண்டியில் ஏற்றினோம். வண்டி தெருமுனை திரும்புகிற வரை தம்பி பொறுத்துக்கொண்டிருந்தான். மாடி ஏறினதும் வெடித்தான்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? யாரு கேட்டா உன்ன? அந்தாளுக்கு ஒரு மண்ணும் தெரியல. ரெண்டு நாளா முதுகொடிஞ்சு தைச்சது எதுக்கு? உன் ஆர்டரு போகக் கூடாதுன்னுதானே? கைக்கு வந்தத நீயே வாயால கெடுத்துட்டியே!"

எனக்கும் அவன் சொல்வதுதான் சரி என்று பட்டது. அத்தனை பேரும் அக்காவைப் பார்த்தோம். அவள் தரையில் சிதறிக் கிடந்த பழைய கம்பித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க அத்தன பேரையும் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு, நான் தனியாச் செஞ்சேன்னு ஒருத்தர் சொல்றாரு. அதுக்கு நான் ஆமான்னு தலையாட்டணுமா? ஒரு வருஷம் தனியா நின்னேன்டா. பெருமையாத்தான் நின்னேன். அது என்ன லட்சணம்னு எனக்குத்தான் தெரியும்."

துடைப்பத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"ஆர்டர் போனாப் போகுது. நாளைக்கே பத்துக் கடை ஏறி எறங்குவேன், இன்னொண்ணு பிடிப்பேன். அது எனக்கு முடியும். நீங்க போனா நான் எந்தக் கடையிலடா போய்க் கேப்பேன்?"

தம்பி மெஷின் பக்கத்திலேயே மடங்கி உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அக்கா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண் நிறைந்துதான் போயிருந்தது, மறைப்பானேன்.